பிறர் பெயரால் ஆண்டவர்: மலிக் அம்பரும் ஆட்சி என்னும் அமானிதமும்

அரியணையில் அமர்ந்திருப்பவர் ஒருவர், ஆட்சி நடத்துபவர் மற்றொருவர் என்னும் நிலை உலக வரலாற்றில் புதியதன்று. மன்னன் சிறுவனாக இருந்தபோதும், வலிமையற்றவனாக இருந்தபோதும், அரசு சிதறிக் கிடந்தபோதும், அமைச்சரோ அன்னையோ படைத்தலைவரோ ஆட்சிக் காப்பாளராகப் பொறுப்பேற்று நாட்டை நடத்தியுள்ளனர். நம் மதுரைச் சீமையில் 1689-இல் இராணி மங்கம்மாள் தம் பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக ஆட்சிப் பொறுப்பேற்றதும் இவ்வகையைச் சார்ந்ததே. அந்த அம்மையார் அமைத்த சாலைகளையும் சத்திரங்களையும் மக்கள் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றனர். பேரன் வயது வந்த பின்னரும் ஆட்சியை ஒப்படைக்கத் தயங்கியதால் அவருடைய இறுதி நாள்கள் துயரமாயின என்னும் செவிவழிச் செய்தியையும் அதே மக்களே சொல்லி வருகின்றனர். ஆட்சிக் காப்பாளரைப் பற்றிய இவ்விரு நினைவுகளும் இரு வேறு கேள்விகளை எழுப்புகின்றன. பொறுப்பில் இருந்தபோது அவர் மக்களுக்கு என்ன செய்தார் என்பது முதற்கேள்வி. பொறுப்பை உரிய காலத்தில் உரியவரிடம் ஒப்படைத்தாரா என்பது இரண்டாவது கேள்வி.

இவ்விரு கேள்விகளையும் மிகக் கூர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஒரு வாழ்க்கை, தக்காணத்து நிஜாம் ஷாஹி அரசைக் கால் நூற்றாண்டுக் காலம் தாங்கி நின்ற மலிக் அம்பருடையது. ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, இந்திய மண்ணில் மன்னர்களை அமர்த்தவும் அகற்றவும் வல்லவராக உயர்ந்த அவரைப் பற்றி நம்மிடையே வியப்புரைகள் பல உண்டு. வியப்பு மட்டும் வரலாறாகிவிடாது. அவருடைய ஆட்சியை இஸ்லாமிய அரசியல் சிந்தனையின் அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்ட அறிஞர்கள் வகுத்த அளவுகோல்

அநாதைச் சிறாரின் உடைமையைப் பராமரிக்கும் காப்பாளருக்குரிய கடமைகளைத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் தன் தொடக்க வசனங்களிலேயே விரிவாக எடுத்துரைக்கிறது. அநாதையின் பொருளைத் தன் பொருளோடு கலத்தல் ஆகாது. விரயம் செய்தல் ஆகாது. அச்சிறார் தக்க வயதும் பக்குவமும் எய்தியதும் சாட்சிகளை வைத்துக்கொண்டு உடைமையை ஒப்படைத்துவிட வேண்டும். அதே அத்தியாயத்தின் 58-ஆம் வசனம் அமானிதத்தை ஒப்படைப்பதையும் நீதியுடன் தீர்ப்பளிப்பதையும் ஒருசேரக் கட்டளையிடுகிறது. ஆட்சியும் ஓர் அமானிதமே என்று விளக்கிய மார்க்க அறிஞர்கள் இந்த வசனத்தையே அடிப்படையாகக் கொண்டனர். இளம் மன்னனின் அரசைக் காக்கும் படைத்தலைவர், இந்நோக்கில் ஓர் அநாதையின் காப்பாளரே ஆவார்.

நடைமுறை உலகம் இத்தனை எளிதாக அமையவில்லை. பாக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்கள் புவைஹிய படைத்தலைவர்களின் பிடியில் இருந்த காலத்தில் வாழ்ந்தவர் இமாம் மாவர்தி (மறைவு 1058). கலீஃபாவின் பெயரில் குத்பா ஓதப்படும்; நாணயம் அச்சிடப்படும்; அதிகாரமோ வேறொருவர் கையில் இருக்கும். இந்நிலையை அவர் தம் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலில் ஆராய்ந்தார். தலைவரை மேலாதிக்கம் செய்பவர் ஒருவர் தோன்றிவிட்டால் அதனாலேயே தலைமை செல்லாததாகிவிடாது என்பது அவர் முடிவு. மேலாதிக்கம் செய்பவரின் நடத்தையைப் பார்க்க வேண்டும். அவர் மார்க்க வரம்புக்கும் நீதிக்கும் உட்பட்டு நடந்தால், பொதுக் காரியங்கள் சீர்குலையாதிருக்க அவரை ஏற்கலாம். மீறி நடந்தால் அவரைத் தடுத்து நிறுத்தத் துணை தேட வேண்டும் என்றார். வெறும் வலிமைக்கு மாவர்தி அங்கீகாரம் அளித்துவிட்டார் என்று குறை கூறுவோர் உண்டு. ஆயினும் அவர் அந்த அங்கீகாரத்தை நீதி என்னும் நிபந்தனையோடு பிணைத்திருப்பது நோக்கத்தக்கது.

ஹபஷாவிலும் எகிப்திலும்

ஹபஷா என்னும் பெயர் முஸ்லிம்களின் உள்ளத்துக்கு நெருக்கமானது. மக்காவின் கொடுமைகளுக்கு ஆளான நபித்தோழர்கள் கி.பி. 615-இல் அடைக்கலம் தேடிச் சென்ற நாடு அது. நீதிமிக்க மன்னர் நஜ்ஜாஷியின் நாடு. பிலால் (ரலி) அவர்களின் பூர்விக மண். அந்நாடே பிற்காலத்தில் பெயரளவு மன்னர்களுக்கும் படைத்தலைவர்களின் ஆதிக்கத்துக்கும் எடுத்துக்காட்டாக ஆகிவிட்டது.

1769-இல் திக்ரே பகுதியின் தலைவரான ராஸ் மிக்காயேல் ஸெஹுல், கோண்டர் நகரில் பேரரசர் இயோவாஸைக் கொல்வித்து, முதியவரான வேறொருவரை அரியணையில் அமர்த்தினார். அவரும் அவ்வாண்டிலேயே மறைய, அவருடைய இளம் மகன் மன்னரானார். அன்று தொடங்கிய காலத்தை எத்தியோப்பியர்கள் ‘ஸெமெனெ மெசாஃபிந்த்’ என்பர். ஏறத்தாழ 86 ஆண்டுகள் நீடித்த அக்காலத்தில் பேரரசர்கள் கோண்டர் அரண்மனையின் கைதிகள் போலவே வாழ்ந்தனர். முதலாம் தெக்லெ கியோர்கிஸ் என்பவர் ஆறு முறை அரியணை ஏற்றப்பட்டார் என்பதே நிலைமையை விளக்கப் போதுமானது. அக்காலத்தின் பெரும்பகுதியில் பேரரசரின் பெயரால் ஆண்டவர்கள், ஒரோமோ இனத்தைச் சார்ந்த, முஸ்லிம் பூர்விகமுடைய யெஜ்ஜு குடும்பத்து ராஸ்கள். அவர்கள் கிறித்தவத்தைத் தழுவிய பின்னரே அப்பொறுப்பை வகிக்க முடிந்தது. அக்குடும்பத்தின் கடைசித் தலைவரான இரண்டாம் அலீ 1853-இல் தோற்கடிக்கப்பட்டார். அவரை வென்ற காஸா, 1855-இல் இரண்டாம் தெவோத்ரோஸ் என்னும் பெயரில் முடிசூடிக்கொண்டார். காப்பாளர் ஆட்சி முறையே அத்துடன் முடிவுற்றது.

இதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன், எகிப்தில் மற்றொரு ஆப்பிரிக்கர் இதே பொறுப்பில் இருந்தார். இக்ஷீதிய அரசை நிறுவிய முஹம்மத் இப்னு துக்ஜ் 946-இல் மறைந்தபோது, அவர் விலைக்கு வாங்கிய அடிமையாக இருந்து தளபதியாக உயர்ந்த காஃபூர், அவருடைய இரு புதல்வர்களுக்கும் அடுத்தடுத்துக் காப்பாளராக நின்று நாட்டை நடத்தினார். 966-இல் இரண்டாவது புதல்வரும் மறைந்த பின் தம் பெயரிலேயே ஆண்டு, 968-இல் காலமானார். அரபுப் பெருங்கவிஞர் முதனப்பீ முதலில் அவரைப் புகழ்ந்து பாடினார். எதிர்பார்த்த பதவி கிடைக்காதபோது அவருடைய நிறத்தையும் அடிமைப் பிறப்பையும் இகழ்ந்து பாடினார். காஃபூர் என்றால் கற்பூரம். அம்பர் என்பதும் ஒரு நறுமணப் பொருளின் பெயரே. அடிமைகளுக்கு வாசனைப் பொருள்களின் பெயரைச் சூட்டுவது அக்கால எசமானர்களின் வழக்கம். பெற்றோர் இட்ட பெயரைக்கூட இழந்தவர்கள் அரசுகளைத் தாங்கினர் என்பதே இதிலுள்ள உண்மை.

சந்தையிலிருந்து அரசவைக்கு

மலிக் அம்பர் 1548-ஆம் ஆண்டளவில் எத்தியோப்பியாவில் பிறந்தவர். இயற்பெயர் சாப்பு. இமாம் அஹ்மத் இப்னு இப்ராஹீமுக்கும் எத்தியோப்பியக் கிறித்தவ அரசுக்கும் இடையே 1529 முதல் 1543 வரை நடந்த நீண்ட போர் அந்நிலத்தைச் சிதைத்திருந்தது. அடிமை வணிகம் செழிக்க அதுவே ஏற்ற சூழலாயிற்று. சிறுவயதிலேயே விற்கப்பட்ட சாப்பு, ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தின் வழியாகப் பாக்தாத் சென்றடைந்தார். அங்கே மீர் காஸிம் என்பவர் அவருக்குக் கல்வியளித்து, இஸ்லாத்தில் வளர்த்து, அம்பர் எனப் பெயரிட்டார். 1570-களின் தொடக்கத்தில் தக்காணத்துக்குக் கொண்டுவரப்பட்ட அவரை விலைக்கு வாங்கியவர், அஹ்மத்நகர் நிஜாம் ஷாஹி அரசின் பேஷ்வாவான சங்கீஸ்கான். அந்தச் சங்கீஸ்கானும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்த ஹபஷிதான்.

இதை எண்ணிப் பெருமை கொள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிமையை விடுவிப்பதை மிகச் சிறந்த நற்செயல்களில் ஒன்றாக்கிய மார்க்கம் நம்முடையது. ஆயினும் ஒரு சிறுவனைச் சந்தைக்குச் சந்தை விற்று வாங்கியவர்களில் முஸ்லிம் வணிகர்களும் பிரமுகர்களும் இருந்தனர். அம்பரின் உயர்வைக் காட்டி அந்த வணிகத்தை நியாயப்படுத்த இயலாது. உயர்ந்தவர் ஒருவரின் பெயர் ஏட்டில் நிற்கிறது. உயராதவர் பல்லாயிரவரின் பெயர் எங்கும் இல்லை.

சங்கீஸ்கான் 1575-ஐ ஒட்டி மறைந்தபின் அவருடைய மனைவி அம்பருக்கு விடுதலை அளித்தார். விடுதலை பெற்ற அம்பர் சிறு குதிரைப்படை ஒன்றைத் திரட்டிக்கொண்டு, சில காலம் பீஜப்பூர் அரசில் பணியாற்றினார். ‘மலிக்’ என்னும் பட்டமும் அங்கே கிடைத்தது. 1595-ஐ ஒட்டி 150 குதிரைவீரர்களுடன் அஹ்மத்நகர் அரசின் பணிக்கு மீண்டார். அப்போது அந்த அரசு முகலாயர்களின் முற்றுகைக்கு உள்ளாகியிருந்தது.

சிதறிய அரசும் புதிய காப்பாளரும்

அஹ்மத்நகர் கோட்டையைக் காத்து நின்ற சாந்த் பீபியும் ஓர் ஆட்சிக் காப்பாளரே. இளம் மன்னர் பஹாதூர் நிஜாம் ஷாவின் சார்பில் முகலாயர்களை எதிர்த்த அப்பெருமாட்டி, 1600-இல் தம் சொந்தப் படையினர் சிலராலேயே கொல்லப்பட்டார். கோட்டை அக்பரின் படைகளிடம் வீழ்ந்தது. சிறுவன் பஹாதூர் குவாலியர் கோட்டைச் சிறைக்கு அனுப்பப்பட்டான். தலைநகரும் மன்னனும் பறிபோன பின்னர் எஞ்சியவை, ஆங்காங்கே தனித்து நின்ற கோட்டைகளும் அவற்றைப் பிடித்திருந்த படைத்தலைவர்களும் மட்டுமே.

அவர்களுள் ஒருவராக இருந்த மலிக் அம்பர், அரச குடும்பத்தைச் சார்ந்த அலீ என்னும் இளைஞரைப் பரேந்தா கோட்டையில் இரண்டாம் முர்தஸா நிஜாம் ஷா என்னும் பெயரில் 1600-இல் முடிசூட்டினார். தம் மகளையும் அவருக்கு மணமுடித்து வைத்தார். தாம் பேஷ்வாவாகவும் காப்பாளராகவும் பொறுப்பேற்றார். இளம் மன்னர் ஏறத்தாழ இருபது வயதினர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவருக்குக் காப்பாளர் தேவைப்பட்டது வயதால் அன்று, படை இல்லாமையால்.

அம்பருக்குப் போட்டியாக இருந்த ராஜூ தக்கனீ என்னும் படைத்தலைவரை 1607-ஐ ஒட்டி அவர் ஒடுக்கினார். அரசின் இருக்கை ஜுன்னருக்கும் பின்னர் தௌலதாபாதுக்கும் மாறியது. அக்காலத்தில் தக்காணம் வந்த ஆங்கில வணிகர் வில்லியம் ஃபின்ச், அம்பரின்கீழ் அவருடைய இனத்தவர் 10,000 பேரும் தக்காணத்தார் 40,000 பேரும் இருந்ததாக எழுதுகிறார். 150 குதிரைவீரர்களோடு வந்தவரின் பின்னே பதினைந்து ஆண்டுகளில் திரண்ட படை அது.

ஜஹாங்கீரின் அம்பும் மராத்தியரின் குதிரையும்

அம்பரின் போர்முறை திறந்தவெளிப் பெரும்போரைத் தவிர்ப்பது. விரைந்து செல்லும் இலகுவான குதிரைப்படை எதிரியின் உணவு வழிகளை அறுக்கும்; பின்னால் வரும் மூட்டை முடிச்சுகளைச் சூறையாடும்; பள்ளத்தாக்குகளில் மறையும். இப்படையின் முதுகெலும்பாக விளங்கியவர்கள் மராத்தியர்கள். ‘பர்கி’ எனப்பட்ட அவ்வீரர்கள் பெற்ற பயிற்சியே பின்னர் சிவாஜியின் படைக்கு அடித்தளமாயிற்று என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் ஒப்புக்கொள்ளும் செய்தி.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் அம்பரைக் குறிப்பிடும் இடங்கள் பலவற்றில் அவருடைய நிறத்தைச் சுட்டி இகழ்கிறார். அபுல் ஹஸன் என்னும் ஓவியர் 1616-ஐ ஒட்டித் தீட்டிய ஓவியத்தில், உருண்டையான உலகின்மீது நிற்கும் ஜஹாங்கீர், ஈட்டியில் குத்தி வைக்கப்பட்ட அம்பரின் தலைமீது அம்பெய்கிறார். டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் அவ்வோவியம் பாதுகாக்கப்படுகிறது. களத்தில் நிகழாததைத் தூரிகை நிகழ்த்திக் காட்டியது. அம்பரின் தலை கடைசிவரை முகலாயர் கைக்குச் சிக்கவில்லை.

வெற்றிகளே அவர் வாழ்வில் நிறைந்திருந்தன என்று எண்ணுவதும் தவறு. 1616-இல் ரோஷன்காவ்ன் போரில் அவர் தோல்வியுற்றார். அவர் நிறுவிய கட்கி நகரம் முகலாயர்களால் எரிக்கப்பட்டது. 1617-இல் இளவரசர் குர்ரமுடன் உடன்படிக்கை செய்து, கைப்பற்றிய நிலங்களைத் திருப்பித் தந்தார். அந்த வெற்றிக்காகவே குர்ரம் ‘ஷாஜஹான்’ என்னும் பட்டம் பெற்றார். இழந்ததை மீட்க அம்பர் மீண்டும் எழுந்தார்; மீண்டும் பணிந்தார். 1624-இல் அஹ்மத்நகருக்கு அருகே பாத்வடியில் முகலாயர், பீஜப்பூரார் ஆகிய இரு படைகளையும் அவர் ஒருங்கே முறியடித்தார். ஏரிக்கரையை உடைத்து நிலத்தைச் சேறாக்கி எதிரியின் படையை முடக்கினார். அப்போரில் அவருடைய தரப்பில் நின்றவர்களுள் சிவாஜியின் தந்தை ஷாஹாஜியும் ஒருவர். ஒரு ஹபஷி முஸ்லிமின் தலைமையில் மராத்திய இந்துக்கள், இரு முஸ்லிம் அரசுகளின் கூட்டுப் படையை எதிர்த்தனர். தக்காண வரலாற்றைச் சமயப் போராகவே படித்துப் பழகியவர்கள் இந்த ஒரு களத்தை ஆழ்ந்து நோக்கினால் போதும்.

நீரும் நிலமும்

போர்க்களப் புகழைக் காட்டிலும் அம்பருக்கு நிலைத்த பெயரைத் தந்தவை இரண்டு: நீர்ப்பணியும் நிலவரிச் சீர்திருத்தமும்.

1610-இல் கட்கி என்னும் சிற்றூரை அவர் தலைநகராக வளர்த்தெடுக்கத் தொடங்கினார். மழை குறைந்த மேட்டுநிலம் அது. நிலத்தடி ஊற்றுகளைத் திரட்டி, மண்ணுக்கடியில் அமைந்த கால்வாய் வழியே சரிவின் துணையால் நகருக்கு நீரைக் கொண்டுவரும் ‘நஹ்ரே அம்பரி’ என்னும் அமைப்பை உருவாக்கினார். பாரசீகத்தில் கனாத் எனப்படும் முறையை ஒத்தது இது. கால்வாயின் நெடுகிலும் இடையிடையே ஆள் இறங்கும் துளைகள் உண்டு. இறைப்பதற்கு எருதோ ஏற்றமோ தேவையில்லை; நிலத்துக்கடியில் ஓடுவதால் வெயிலில் ஆவியாகி வீணாவதும் குறைவு. பின்வந்தோர் இந்த அமைப்பை விரித்துக்கொண்டே சென்றனர். அந்நகரின் புகழ்பெற்ற ‘பஞ்சக்கி’ என்னும் நீர் ஆலை 18-ஆம் நூற்றாண்டில் இதே மரபில் அமைந்த கால்வாய் ஒன்றின் நீரால் இயங்கியது. அம்பரின் கால்வாய்ப் பகுதிகள் சில இருபதாம் நூற்றாண்டிலும் நீர் தந்தன.

நீருக்கும் ஆட்சியின் தகுதிக்கும் உள்ள உறவைக் கம்பம் பள்ளத்தாக்கினருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி வந்தே இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களை நனைக்கிறது. மார்க்கையன்கோட்டை வயல்களில் நாற்று நடுவோர், அணை கட்டிய நாளில் யார் பெயரால் அரசு நடந்தது என்று கேட்பதில்லை. அதைக் கட்டி முடித்தவர் பென்னிகுயிக் என்பதையோ மறப்பதில்லை. அந்நிய அரசின் ஊழியர் ஒருவரின் படம் இப்பகுதி வீடுகளில் மாட்டப்பட்டிருப்பதன் பொருள் அதுவே. கட்கி நகரத்தார் மன்னர் முர்தஸாவை மறந்து அம்பரை நினைவில் வைத்திருந்ததும் இதே நியாயத்தால்தான்.

நிலவரியில் அவர் செய்த மாற்றமும் இத்தகையதே. வரி வசூலைக் குத்தகைக்கு விடும் முறையை அவர் ஒழித்தார். குத்தகைக்காரர் குறுகிய காலத்தில் கொள்ளை ஆதாயம் பார்க்க விழைவார். உழவர் நிலத்தை விட்டு ஓடுவார். அதற்கு மாறாக, பிராமண அலுவலர்களிடம் வசூலை ஒப்படைத்து, முஸ்லிம் அதிகாரிகளை மேற்பார்வைக்கு நியமித்தார். சிதைந்து போயிருந்த கிராம நிருவாக அமைப்புகளுக்கு மீண்டும் உயிரூட்டினார். விளைச்சலில் ஒரு பங்கைத் தானியமாகப் பெற்று, சில பருவங்களின் அனுபவத்துக்குப் பின் அதைப் பணமாக மாற்றினார். பயிரிட்ட அளவைப் பொறுத்து அத்தொகை ஆண்டுதோறும் முடிவு செய்யப்பட்டது. அரசின் பங்கு ஐந்தில் இரண்டாக இருந்தது என்றும், பணமாக மாறியபோது மூன்றில் ஒன்றுக்கே ஈடாயிற்று என்று மக்கள் மரபு கூறுவதாகவும், 1826-இல் மராத்தியர் வரலாற்றை வெளியிட்ட கிராண்ட் டஃப் எழுதுகிறார். இடைவிடாத போருக்கு நடுவே 50,000 பேர் கொண்ட படைக்கு ஊதியம் தர இயன்றது இந்த ஏற்பாட்டினால்தான். நீதி அவருக்கு அறமாக இருந்ததோடு, அரசைத் தாங்கும் தூணாகவும் இருந்தது.

ஒப்படைக்கப்படாத அரியணை

மாவர்தியின் நிபந்தனைப்படி பார்த்தால், குடிகளைப் பொறுத்தவரையில் அம்பரின் மேலாதிக்கம் தேறிவிடுகிறது. ஆனால் அரியணைக்கு உரியவரைப் பொறுத்தவரையில்?

இரண்டாம் முர்தஸாவுக்கும் அம்பருக்கும் இடையே கசப்பு முற்றியது. 1617-இல் அம்பரை நேரில் கண்ட டச்சு வணிகர் பீட்டர் வான் டென் புரூக்கே, தாம் அறிந்த செய்தியை எழுதி வைத்துள்ளார். மன்னரின் மூத்த மனைவியான பாரசீகப் பெண்மணி, அம்பரின் மகளை அடிமை வழியினள் என்று இழித்துப் பேசினார், செய்தி அம்பரின் செவிக்கு எட்டியது, மன்னரும் அம்மனைவியும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர் என்பது அவர் தரும் விவரம். 1610-இல் முர்தஸா மறைந்ததும், ஐந்து வயதுச் சிறுவன் புர்ஹான் அரியணையில் அமர்த்தப்பட்டான்.

மகளின் பிறப்பையும் நிறத்தையும் இகழ்ந்த சொல் ஒரு தந்தையை எவ்வளவு சுட்டிருக்கும் என்பதை உணர முடிகிறது. முதனப்பீயின் நாவிலும் ஜஹாங்கீரின் எழுத்திலும் வெளிப்பட்ட அதே நஞ்சுதான் அரண்மனை அந்தப்புரத்திலும் வெளிப்பட்டது. அரபியருக்கு அரபியல்லாதாரை விடவும், வெள்ளையருக்குக் கறுப்பரை விடவும் மேன்மையில்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் கற்பித்து ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் முஸ்லிம் மேல்தட்டினர் அதை மனத்தில் கொள்ளவில்லை. ஆயினும் இழிசொல்லுக்குப் பதில் கொலை ஆகாது. தன் காப்பில் இருந்த மன்னரின் உயிரையே பறித்தவர், காப்பாளர் என்னும் சொல்லின் பொருளை மீறியவராகிறார். அந்நிஸா அத்தியாயம் காப்பாளருக்கு விதித்த வரம்பை எந்தச் சாதனையைக் காட்டியும் கடக்க இயலாது.

சிறுவன் புர்ஹான் வளர்ந்தான். அம்பர் மறைந்த 1626-இல் அவனுக்கு வயது இருபத்தொன்றை ஒட்டியிருக்கும். அதற்குள் ஆட்சி அவனிடம் ஒப்படைக்கப்படவில்லை. ஆளக் கற்றுக்கொடுத்ததற்கான அடையாளமும் இல்லை. முகலாயப் படை எல்லையில் நிற்கையில் பழக்கமற்ற இளைஞரிடம் அரசைத் தர முடியுமா என்று அம்பரின் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தில் வலு உண்டு. ஆனால் தகுதியை வளர்த்தெடுப்பதும் காப்பாளரின் கடமையே. தம் இடத்துக்கு அம்பர் ஒருவரை விட்டுச் சென்றார். அவர் மன்னர் அல்லர், அம்பரின் மகன் ஃபத்ஹ்கான்.

பத்தே ஆண்டுகள்

தந்தை மன்னரைக் கையாண்ட முறையை மகனும் கற்றிருந்தார். தந்தையின் நிருவாகத் திறனையோ மக்கள் மீதான கவனத்தையோ பெறவில்லை. பேஷ்வாவாகி, ஒரு கட்டத்தில் சிறைப்பட்டு, மீண்டும் விடுதலையான ஃபத்ஹ்கான், முகலாயர்களின் ஆதரவை நாடி மன்னர் புர்ஹானைக் கொன்றார்; சிறுவன் ஹுஸைனை அரியணையில் அமர்த்தினார். 1633-இல் தௌலதாபாத் கோட்டை முகலாயர்களிடம் வீழ்ந்தது. பஹாதூர் சென்ற அதே குவாலியர் சிறைக்கு ஹுஸைனும் அனுப்பப்பட்டான். ஷாஹாஜி மேலும் ஒரு சிறுவனை முடிசூட்டி, தாமே காப்பாளராக நின்று மூன்றாண்டுகள் போராடினார். 1636-இல் நிஜாம் ஷாஹி அரசு அடியோடு மறைந்தது. அம்பரின் மறைவுக்கும் அவர் காத்த அரசின் மறைவுக்கும் இடைப்பட்டவை பத்தே ஆண்டுகள்.

காஃபூர் மறைந்த மறு ஆண்டான 969-இல் எகிப்து ஃபாத்திமியர் வசமானதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோண்டரிலும் காப்பாளர்கள் மாறி மாறி வந்தனரேயன்றி அரசு வலுப்பெறவில்லை. ஒரு தனிமனிதரின் ஆற்றலில் மட்டும் நிற்கும் அரசு அவரோடு சாய்கிறது. உரியவரைத் தகுதியுடையவராக்கி, ஒப்படைக்கும் வழியை வகுத்து வைத்தால்தான் காப்பாளர் தம் கடமையை நிறைவேற்றியவராவார். அதைச் செய்யாதவரின் கூர்மையான வாள் அவர் வாழும் நாள்வரையே அரசைக் காக்கிறது.

நினைவின் கணக்கு

கட்கி நகரம் ஃபத்ஹ்கானால் ஃபத்ஹ்நகர் என்றும், பின்னர் ஔரங்கசீபின் பெயரால் ஔரங்காபாத் என்றும் வழங்கப்பெற்றது. 2023-இல் அது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாற்றம் பெற்றது. அஹ்மத்நகரும் 2024-இல் அஹில்யாநகர் ஆயிற்று. சிவாஜியின் மகனான சம்பாஜிக்கு, பாத்வடிக் களத்தில் அம்பரின் தரப்பில் நின்ற ஷாஹாஜி பாட்டனார் ஆவார். பெயர்ப் பலகைகள் இரு தரப்பாகப் பிரித்துக் காட்டும் வரலாற்றை, குடும்பங்களும் போர்க்களங்களும் ஒன்றாகவே பிணைத்து வைத்திருக்கின்றன. பெயர் மாற்றத்தை எதிர்ப்போரும் ஆதரிப்போரும் அம்பரைத் தத்தம் தரப்புக்கு இழுத்துக்கொள்ள முடியாது.

மலிக் அம்பர் தம் முதிய வயதில், 1626-ஆம் ஆண்டு மே மாதத்தில், இயற்கை மரணம் எய்தினார். அவர் மறைந்த செய்தியை எழுதிய முகலாய அரசவை வரலாற்றாசிரியரே அவருடைய போர்த்திறத்தையும் நிருவாகத் திறத்தையும் பாராட்டிக் குறித்தார். குல்தாபாதில் இறைநேசர்களின் அடக்கத் தலங்களுக்கு அருகே, குவிமாடம் கொண்ட கல்லறையில் அவர் துயில்கிறார். தக்காணத்தை முழுவதும் வென்றெடுக்க வந்து, கால் நூற்றாண்டைப் போரிலேயே கழித்து, 1707-இல் மறைந்த பேரரசர் ஔரங்கசீபின் எளிய கல்லறையும் அதே ஊரில்தான் உள்ளது.

அம்பருக்கு இரு அமானிதங்கள் அளிக்கப்பட்டிருந்தன. ஒன்று மண்ணும் மக்களும், மற்றொன்று அரியணை. முதலாவதை அவர் ஒரு நல்ல காப்பாளராகப் பேணினார். அவர் வெட்டிய கால்வாய் அவர் காலத்துக்குப் பின்னும் பல தலைமுறைகளின் தாகம் தணித்தது. இரண்டாவதைத் தம் உடைமையாகவே கருதினார். அது பத்தாண்டுகளில் அழிந்தது. ஒரே மனிதரின் இரு கைகளிலிருந்து பிறந்த இவ்விரு விளைவுகளையும் சேர்த்தே படிப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் நீதி. பள்ளிவாசல் நிருவாகமாயினும், கல்வி நிறுவனமாயினும், வக்ஃபு சொத்தாயினும், பிறர் பெயரால் பொறுப்பேற்றிருக்கும் ஒவ்வொருவருக்கும் அவருடைய வாழ்க்கை இரு கேள்விகளை விட்டுச் சென்றிருக்கிறது: பயன் உரியவர்களைச் சென்றடைகிறதா? ஒப்படைக்கும் நாளுக்காக அடுத்தவரை ஆயத்தம் செய்திருக்கிறோமா?